குதிரைத்திறனைக் கூட்டினால் படகு பறக்குமா?

எந்த மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனாலும் இந்தப் பேச்சு காதில் விழும்: "நூத்தம்பது போட்டு என்னண்ணே ஆகுது? பக்கத்துப் படகுக்காரன் இருநூத்தம்பதுக்கு மாத்திட்டான். நாம கடைசியா கரைக்கு வந்தா மீனை எவன் நல்ல வெலைக்கு எடுப்பான்?"

கவலை நியாயமானதுதான். முதலில் ஏலத்துக்கு வரும் மீனுக்கும் கூட்டம் கலைந்த பிறகு வரும் மீனுக்கும் விலை வித்தியாசம் உண்டு. ஆனால் அந்தக் கவலைக்குள் இருக்கும் கணக்குதான் இடிக்கிறது. 150 குதிரைத்திறனில் மணிக்கு 9 கடல் மைல் ஓடுகிற விசைப்படகு, 300 போட்டால் 18 ஓடாது. பத்தைத் தாண்டினாலே பெரிய விஷயம். மீதிச் சக்தியெல்லாம் டீசலாகக் கரைந்து, படகுக்குப் பின்னால் நுரையாக எழும்பும்.

ஏன் அப்படி ஆகிறது, எடைக்கு இதில் என்ன பங்கு, பெரிய எஞ்சின் உண்மையிலேயே எங்கே உதவும் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். கணக்கு கொஞ்சம் வரும். கூட்டல், பெருக்கல், வர்க்கமூலம் தெரிந்தால் போதும். படகு வேகத்தை 'நாட்' என்ற அளவில் சொல்வார்கள். ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர்.

படகின் நீளம் போடும் வேலி

படகு ஓடும்போது அணியத்தில், அதாவது முன்முனையில், ஒரு அலை எழும்புவதை எல்லோரும் பார்த்திருப்போம். பின்பக்கமும் ஒன்று எழும்பும். மெதுவாகப் போகையில் இந்த அலைகள் சின்னச் சின்னதாக, படகின் நீளத்துக்குள்ளேயே மூன்று நான்கு எழும்பி அடங்கும். வேகம் கூடக் கூட ஒவ்வொரு அலையும் நீளமாகும். ஒரு கட்டத்தில் முழுப் படகும் ஒரே அலைக்குள் வந்துவிடும்: அணியத்தில் ஒரு முகடு, பின்னால் ஒரு முகடு, நடுவில் பள்ளம். அதற்கு மேல் எஞ்சினை முறுக்கினால் பின்பக்க முகடு படகை விட்டுப் பின்னே நழுவும். பின்பகுதி பள்ளத்தில் இறங்கும், அணியம் தூக்கும். தானே எழுப்பிய அலையின் மேல் தானே ஏற முடியாமல் படகு திணறும்.

இந்த எல்லை எங்கே வரும் என்பதை எஞ்சின் முடிவு செய்வதில்லை. தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் படகின் நீளம் முடிவு செய்கிறது. மீட்டரில் அந்த நீளத்தின் வர்க்கமூலத்தை எடுத்து 2.43ஆல் பெருக்கினால் எல்லை வேகம் நாட்டில் கிடைக்கும். 9 மீட்டர் படகுக்கு 7.3 நாட். 16 மீட்டருக்கு 9.7. 20 மீட்டருக்கு 10.9. கடலில் வலையை இழுத்துக்கொண்டே மீன்பிடிக்கும் கனமான இழுவைப் படகுகள், செவுள்வலைப் படகுகள், தூண்டில் படகுகள் எல்லாம் இந்த வேலிக்குள் அடைபட்டவைதான்.

இது சுவர் இல்லை, செங்குத்தாகிக்கொண்டே போகும் மேடு. தாண்டவே முடியாது என்றில்லை. தாண்டுவதற்குக் கொடுக்கும் விலைதான் பிரச்சினை.

ஒரு மணி நேரம் முந்தி வர என்ன செலவு?

எல்லை வேகத்துக்குக் கீழே இருக்கும்போதே, தேவைப்படும் சக்தி ஏறக்குறைய வேகத்தின் மும்மடி அடுக்கில் கூடும். வேகம் இரண்டு மடங்கு வேண்டுமென்றால் சக்தி எட்டு மடங்கு. எல்லையை நெருங்க நெருங்க அதைவிடவும் மோசம்.

16 மீட்டர் படகு ஒன்றை எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக, 8 நாட் ஓட அதற்கு 80 குதிரைத்திறன் தேவை என்று வைப்போம். மும்மடிக் கணக்கில் 9 நாட்டுக்கு 114 வேண்டும், 10 நாட்டுக்கு 156. நல்ல நிலையில் இருக்கும் டீசல் எஞ்சின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 0.2 லிட்டர் குடிக்கும்.

மீன் கிடைக்கும் இடம் 40 கடல் மைல் தள்ளி இருக்கிறது. 8 நாட்டில் போனால் ஐந்து மணி நேரம், 80 லிட்டர். 9 நாட்டில் போனால் ஏறக்குறைய நாலரை மணி நேரம், 101 லிட்டர். 10 நாட்டில் நான்கு மணி நேரம், 125 லிட்டர். அதாவது ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்த 45 லிட்டர் டீசல். திரும்பி வரவும் அதே அவசரம் என்றால் 90 லிட்டர். இது கருணையான கணக்கு. இந்தப் படகின் எல்லை வேகமே 9.7 என்பதால், 10 நாட்டில் உண்மையான செலவு இதைவிடக் கூடுதலாகத்தான் வரும்.

அந்த ஒரு மணி நேரத்துக்கு ஏலத்தில் 90 லிட்டர் டீசலின் விலையைவிட அதிகமாகக் கிடைக்கிறதா? சில நாள் கிடைக்கும். அன்றைக்கு முறுக்குங்கள், தப்பில்லை. எல்லா நாளும் கிடைப்பதில்லை. ஆனால் பழக்கம் மட்டும் எல்லா நாளும் இருக்கிறது.

எடை எங்கே ஒளிந்திருக்கிறது

மிதக்கும் படகு தன் எடைக்குச் சமமான எடையுள்ள தண்ணீரை விலக்குகிறது. முப்பது டன் படகு நகர வேண்டுமென்றால், தன் நீளம் நகரும் ஒவ்வொரு முறையும் முப்பது டன் கடலை ஒதுக்கி வழி எடுக்க வேண்டும். எடை கூடினால் ஒதுக்க வேண்டிய தண்ணீரும் கூடும், நனையும் உடற்பரப்பும் கூடும். 16 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலப் படகில் பத்து டன் ஏற்றினால் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் அமிழும்.

கடலுக்குப் புறப்படும் நாளில், பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் ஒரு தங்குகடல் படகில் என்னென்ன ஏறுகிறது என்று நின்று பார்த்தால் எடை எப்படிச் சேருகிறது என்பது புரியும். டீசல் 4,000 லிட்டர் என்றால், லிட்டருக்கு 0.84 கிலோ வீதம், 3.4 டன். ஐஸ் கட்டி ஒன்று 50 கிலோ. இருநூறு கட்டியை உடைத்துக் கிடங்கில் கொட்டினால் 10 டன். குடிக்க, சமைக்கத் தண்ணீர் 2,000 லிட்டர், அது 2 டன். வலை, வலையின் வாயை விரித்துப் பிடிக்கும் இழுவைப் பலகைகள், கம்பி ரோப்பு, கூடை, அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், எட்டுப் பத்துப் பேர் என்று இன்னும் மூன்று டன்னாவது. ஒரு மீன்கூட ஏறாத நிலையிலேயே பதினெட்டு டன்.

இப்போது ஒரு வேடிக்கை. முப்பது டன்னாக இருந்த படகு நாற்பது டன் ஆனால், அதே வேகத்தில் ஓட ஐந்தில் ஒரு பங்கு சக்தி கூடுதலாக வேண்டும். ஆனால் எஞ்சினைக் கூடுதலாக முறுக்காமல் விட்டால் வேகம் எவ்வளவு குறையும்? 8 நாட் 7.5 ஆகும், அவ்வளவுதான். பத்து டன் பாரத்துக்கு அரை நாட். டிரைவர் அதைக் கவனிக்கக்கூட மாட்டார், நீவாட்டின் (கடல் நீரோட்டத்தின்) மேல் பழியைப் போட்டுவிடுவார். கவனிப்பவர் அந்த அரை நாட்டைப் பிடிக்க ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கூட்டி வைப்பார். அந்தக் 'கொஞ்சம்'தான் பயணம் முழுக்க எண்ணெயைத் தின்னும். எடை, வேகத்தில் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை; டீசல் பில்லில்தான் காட்டும்.

போகும்போது பாரம் குறைவு, மீனோடு வரும்போதுதான் அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். பல நாள் தங்கும் படகுகளில் அப்படி இல்லை. டீசல் எரிந்து தீருகிறது, ஐஸ் உருகி பம்பு வழியாக வெளியே போகிறது, அந்த இடத்துக்கு மீன் வருகிறது. மொத்த எடை பெரிதாக மாறாமலேகூடக் கரைக்கு வரலாம். மீன்பாடு சரியில்லாத பயணத்தில், புறப்பட்டபோது இருந்ததைவிட இலேசாகவே திரும்பி வரும். காலையில் போய் மறுநாள் திரும்பும் இராமேசுவரத்துப் படகுக்கும், வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடக்கும் கன்னியாகுமரி மாவட்டத் தூத்தூர்ப் படகுக்கும் எடைக் கணக்கு ஒன்றாக இருக்கவே முடியாது. ஒன்றைப் பார்த்து மற்றொன்றுக்கு எஞ்சின் வாங்குவது வீண்.

உடலை எதனால் கட்டினார்கள் என்பதும் இதில் சேரும். மரப்படகு வருடக்கணக்கில் தண்ணீர் குடித்துக் கனக்கும். இரும்புப் படகு பிறக்கும்போதே கனம். பழுது பார்க்கிறேன் என்று தகட்டின் மேல் தகடு வைத்துப் பற்றவைத்தால் இன்னும் கூடும். ஃபைபர் இலேசு. அதற்காக இலேசுதான் எப்போதும் நல்லது என்று சொல்லிவிட முடியாது. வாடைக்காற்றுக் கடலில் கனமான படகு அலையை வெட்டிக்கொண்டு நிதானமாகப் போகும்போது, இலேசான படகு தூக்கிப் போட்டு அடிக்கும். ஆட்கள் நின்று வேலை பார்க்க முடிந்தால்தானே மீன்பிடிப்பு?

எடை கூடாமலேயே கூடியதுபோல நடக்க வைக்கும் இன்னொன்று உண்டு: அடியில் ஒட்டும் பாசியும், கொட்டலசு என்னும் ஓடுள்ள சிற்றுயிரும். உரசல் கூடிப் படகு மந்தமாகும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் படகுகளைக் கரையேற்றிச் சுரண்டிப் பெயின்ட் அடிப்பது இதற்காகத்தான். தடை முடிந்த முதல் வாரத்தில் படகு 'புதுசா ஓடுது' என்று மகிழ்கிறோம். ஓட்டத்தைக் கொடுத்தது புது எஞ்சின் இல்லை, சுத்தமான அடிப்பாகம்.

வலையை இழுக்கும்போது கதை தலைகீழ்

இதுவரை ஓட்டத்தைப் பற்றிப் பேசினோம். இழுவைப் படகின் வேலை நேரத்தில் பெரும்பகுதி ஓட்டம் இல்லை, இழுவை. இரண்டரை, மூன்று, மூன்றரை நாட் வேகத்தில் மணிக்கணக்கில் மடியை (இழுவலையை) இழுத்துக்கொண்டு போக வேண்டும். இந்த வேகத்தில் படகின் உடலுக்கு வரும் தடை மிகக் குறைவு. அலையே பெரிதாக எழும்பாது. தடையெல்லாம் வலையிலும் பலகையிலும் ரோப்பிலும்தான். ஆகவே இழுக்கும்போது படகு முப்பது டன்னா நாற்பது டன்னா என்பது ஏறக்குறைய ஒரு பொருட்டே இல்லை. குதிரைத்திறன்தான் பேசும்.

ஆனால் இங்கேயும் நேர்க்கணக்கு கிடையாது. நின்ற இடத்தில் கட்டி இழுக்கும்போது, சாதாரண புரொப்பெல்லர் ஒரு குதிரைத்திறனுக்குச் சுமார் 10 முதல் 12 கிலோ இழுவிசை தரும். 150 எச்.பி. என்றால் ஒன்றரை டன், கொஞ்சம் கூடுதல். அதே புரொப்பெல்லரை வைத்துக்கொண்டு எஞ்சினை மட்டும் 300 ஆக்கினால் இழுவிசை இரண்டு மடங்காகாது, ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் வரும். வலையின் தடையோ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். அந்த ஒன்றரை மடங்கு இழுவிசையைக் கொண்டு அதே வலையைக் கால் பங்கு கூடுதல் வேகத்தில் இழுக்கலாம்: 3 நாட்டில் இழுத்தவர் 3.8 நாட்டில் இழுப்பார். எஞ்சினை இரட்டிப்பாக்கிக் கிடைத்தது முக்கால் நாட். அல்லது அதே வேகத்தில் பெரிய வலை.

பெரிய எஞ்சின் மேல் வரும் ஆசையின் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. மீன்வளத்துறையின் கவலையும் இங்கேதான். வேகமாக இழுத்தால் ஓடித் தப்பும் மீனும் மடிக்குள் வரும். பெரிய வலை போட்டால் பெரிய பரப்பை வழிக்கலாம். தமிழ்நாட்டில் 1983ஆம் ஆண்டுக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வரும் விதிகள் விசைப்படகு எஞ்சினுக்கு 240 குதிரைத்திறன் என்று உச்சவரம்பு வைத்திருக்கின்றன. 'சீன எஞ்சின்', 'அதிவேக எஞ்சின்' என்று செய்திகளில் அடிபடும் சண்டை இதைச் சுற்றித்தான். நாட்டுப்படகுக்காரர்களின் குறையைக் கேட்டால், எதிர்ப்பு வெறும் வேகத்தின் மேல் இல்லை என்பது தெரியும். அந்த வேகத்தில் இழுபடும் வலை தங்கள் வலையை அறுத்துக்கொண்டு போவதுதான் அவர்கள் சொல்வது. என் கருத்தும் அவர்கள் பக்கம்தான். எல்லோரும் எஞ்சினை இரட்டிப்பாக்கினால் கடலில் மீன் இரட்டிப்பாகாது, டீசல் செலவு மட்டும் ஆகும்.

எஞ்சினைத் தொடாமலே இழுவையைக் கூட்டும் வழிகள் இருக்கின்றன. வலையின் நூல் மெல்லியதாக, ஆனால் அதே பலமுள்ளதாக இருந்தால் தடை குறையும். கண்ணி அகலத்தை முன்பகுதியில் பெரிதாக்கினாலும் குறையும். புரொப்பெல்லரைச் சுற்றி வளையக் கூடு பொருத்தினால் இழுக்கும் வேகத்தில் இருபது முப்பது சதவீதம்வரை கூடுதல் இழுவிசை கிடைக்கும். ஓட்ட வேகத்தில் அதே கூடு கொஞ்சம் தடையாகவும் இருக்கும். தினமும் வெகுதூரம் ஓடி, கொஞ்ச நேரம் மட்டும் இழுக்கிறவருக்கு இது லாபமில்லை. பக்கத்திலேயே நாள் முழுக்க இழுக்கிறவருக்கு லாபம்.

எஞ்சினுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் பொருள்

எஞ்சின் உண்டாக்கும் சக்தியைக் கடல் நேரடியாக வாங்கிக்கொள்வதில்லை. கியர்பாக்ஸ், தண்டு, புரொப்பெல்லர் என்று மூன்றைத் தாண்டித்தான் தண்ணீருக்குப் போகிறது. எஞ்சினுக்கு லட்சக்கணக்கில் கொடுப்பவர் புரொப்பெல்லரை 'பழசே இருக்கட்டும்' என்று விடுவதை அடிக்கடி பார்க்கலாம். இது லாரிக்குப் பெரிய எஞ்சின் போட்டு மூன்றாம் கியரிலேயே மலையேற்றுவது மாதிரி.

பெரிய விட்டமுள்ள புரொப்பெல்லர் மெதுவாகச் சுற்றினால் தள்ளும் திறன் அதிகம். சின்னது வேகமாகச் சுற்றினால் தண்ணீரைக் கலக்கும், படகைத் தள்ளாது. அதனால்தான் 1,800 சுற்று எஞ்சினோடு நான்குக்கு ஒன்று கியர்பாக்ஸ் வைத்து, தண்டை 450 சுற்றில் ஓட விடுகிறார்கள். விட்டத்தை நினைத்தபடி கூட்டவும் முடியாது. ஏராவுக்கும் (படகின் அடிமரத்துக்கும்) சுக்கானுக்கும் நடுவில் உள்ள இடம்தான் அளவு. பழைய படகில் பெரிய எஞ்சினை இறக்கினாலும் அந்த இடைவெளி வளராது. கூடுதல் சக்தியின் ஒரு பங்கு அங்கேயே வீணாகிவிடும்.

பொருத்தம் சரியா என்று பார்க்க எஞ்சினே சொல்லும், காதும் கண்ணும் கொடுத்தால் போதும். பாரம் ஏற்றிய படகைத் திறந்த கடலில் முழு ஆக்சிலரேட்டரில் விட்டுப் பாருங்கள். தட்டில் 1,800 ஆர்.பி.எம். என்று பொறித்திருக்கும் எஞ்சின் 1,600க்கு மேல் ஏற மறுத்து, புகைக்குழாயில் கறுப்பாகக் கக்கினால், அதன் மேல் தாங்க முடியாத சுமை இருக்கிறது என்று பொருள். புரொப்பெல்லர் இதழின் சாய்வு அதிகமாக இருக்கலாம், அடியில் கொட்டலசு அப்பியிருக்கலாம், அல்லது படகு வாங்கிய காலத்தைவிடக் கனத்துப் போயிருக்கலாம். அப்படியே ஓட்டினால் வால்வும் பிஸ்டனும் சீக்கிரம் போகும். மாறாக 1,800ஐத் தாண்டி விசிலடித்துக்கொண்டு ஓடினால் புரொப்பெல்லர் சிறியது. சக்தி இருந்தும் பிடிமானம் இல்லை.

தட்டில் பொறித்த குதிரைத்திறனையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். நம் துறைமுகங்களில் ஓடுகிற எஞ்சின்களில் பல, லாரி எஞ்சினைக் கடலுக்கு ஏற்றபடி மாற்றியமைத்தவை. லாரி மேடேறும்போது மட்டும் முழுச் சக்தியைக் கேட்கும், சமதளத்தில் ஓய்வெடுக்கும். படகு எஞ்சினுக்குச் சமதளமே கிடையாது. வலை கீழே இருக்கும்வரை ஏற்றம்தான். அதனால் ஒரே எஞ்சினுக்குக் கொஞ்ச நேரம் தாங்கும் திறன் ஒன்று, இடைவிடாமல் ஓடும் திறன் இன்னொன்று என்று இரண்டு எண்கள் இருக்கும். வாங்கும்போது கேட்க வேண்டியது இரண்டாவது எண்ணை. விற்பவர் முதலில் சொல்வது பெரும்பாலும் முதல் எண்ணாக இருக்கும்.

ஃபைபர் படகுக்கு வேறு கணக்கு

இரண்டு டன்னுக்குள் இருக்கும் ஃபைபர் படகுகளுக்கு அந்த வேலியைத் தாண்டிக் குதிக்க ஒரு வழி இருக்கிறது. போதிய சக்தி கொடுத்தால் தண்ணீரை விலக்கிக்கொண்டு போகாமல், அதன் மேலேறி வழுக்கிக்கொண்டு போகலாம். அதற்கு அடிப்பாகம் தட்டையாக இருக்க வேண்டும், டன்னுக்கு 40, 50 குதிரைத்திறனாவது வேண்டும். இங்கே எடைதான் எல்லாம். மூன்று பேரோடு மேலேறி வழுக்கிய படகு, ஐந்து பேரும் ஈர வலையும் ஏறியதும் அணியத்தைத் தூக்கிக்கொண்டு உறுமும், மேலே வராது. அரை நாட் வித்தியாசம் இல்லை இது; வேகம் பாதியாகும்.

ஒன்றரை டன் படகில் 9.9 எச்.பி. அவுட்போர்டு மாட்டியவர் வழுக்கி ஓடும் கனவை விட்டுவிடலாம். ஆறேழு நாட்டில் நிதானமாகப் போனால் அந்த எஞ்சின் நன்றாக உழைக்கும். அதை முழு முறுக்கில் வைத்து ஏழரைக்குக் கொண்டுபோவதில் ஒரு லாபமும் இல்லை. பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ ஓடும் அவுட்போர்டு, ஒரு குதிரைத்திறனுக்கு டீசலைவிட அதிகமாகவே குடிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கரையில் இழுத்து ஏற்றும் படகுகளுக்கு எடை இன்னொரு வகையிலும் எதிரி. 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், துறைமுகம் இல்லாத ஊர்களுக்காகக் கரையேறும் ஃபைபர் படகுகளை வடிவமைக்க முயன்றபோது இந்தச் சிக்கலில்தான் மோதியது. டீசல் எஞ்சின் வேண்டும், ஆனால் அலை உடையும் இடத்தைத் தாண்டி வந்து, ஆட்கள் தோள்கொடுத்து மணலில் ஏற்றும் அளவுக்கு இலேசாகவும் இருக்க வேண்டும். எஞ்சினைச் சின்னதாக வைத்து, புரொப்பெல்லரை மேலே தூக்கிக்கொள்ளும்படி செய்தார்கள். கடலில் ஓடும் வேகத்தை, கரையில் தள்ளும் ஆட்களின் எண்ணிக்கை தீர்மானித்தது என்று சொன்னால் மிகையில்லை.

கூடுதல் சக்தி வேண்டிய இடமும், எடை கூடாத இடமும்

இதையெல்லாம் படித்துவிட்டுச் சின்ன எஞ்சின் போதும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எதிர்க்காற்றில், எதிர் நீவாட்டில், முகத்துவாரத்தில் அலை உடையும் நேரத்தில், கைவசம் கொஞ்சம் சக்தி இருந்தே ஆக வேண்டும். தேங்காப்பட்டணம் துறைமுக வாயிலில் படகு கவிழ்ந்து ஆட்கள் இறந்த செய்திகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பின்னால் வரும் அலை படகைப் பக்கவாட்டில் திருப்பும் முன் வாயிலைக் கடந்துவிட வேண்டும். அந்த நேரத்தில் டீசல் கணக்கு பார்க்க மாட்டோம். கனமான படகு முடுக்கிவிட்டாலும் மெதுவாகத்தான் வேகம் எடுக்கும், நிறுத்தினாலும் மெதுவாகத்தான் நிற்கும். ஆகவே எடைக்கு ஏற்ற கையிருப்பு வேண்டும். வழக்கமாக ஓடுவதற்குத் தேவையானதைப் போல ஒன்றரை மடங்கு என்பது என் கணிப்பில் நல்ல அளவு. மூன்று மடங்கு என்றால் எஞ்சின் பாதி வேலைகூட இல்லாமல் நாள் முழுக்க ஓடும். டீசல் எஞ்சினுக்கு அதுவும் ஆகாது, கரி படிந்து எண்ணெய் தின்ன ஆரம்பிக்கும்.

எடை எவ்வளவு என்பதைப் போலவே எங்கே என்பதும் முக்கியம். கிடங்கின் அடியில் இருக்கும் பத்து டன் ஐஸ் படகை நிலைநிறுத்தும். வீல்ஹவுஸ் கூரையில் ஏற்றிய ஒரு டன் வலையும் டிரம்மும் அதைக் கவிழ்க்கப் பார்க்கும். இதற்கு ஓர் எளிய அடையாளம் உண்டு. ஒரு பக்கம் சாய்ந்த படகு வழக்கத்தைவிட மெதுவாக, சோம்பலாக நிமிர்கிறது என்றால் மேல்பாரம் அதிகமாகிவிட்டது. ஆட்டம் சுகமாக இருக்கிறதே என்று சிலர் நினைப்பார்கள். அந்தச் சுகம் ஆபத்தின் அறிகுறி. அடியில் தேங்கிய தண்ணீர் இதை இன்னும் மோசமாக்கும். படகு சாயும் பக்கமே அதுவும் ஓடும்.

பெரிய எஞ்சினும் அதற்கேற்ற பெரிய டீசல் டேங்கும் பின்பக்கத்தில் போய் உட்கார்ந்தால், பின்பகுதி அமிழ்ந்து அணியம் தூக்கும். வேகத்துக்காகச் செய்தது தடையைக் கூட்டும் வினோதம் அங்கே நடக்கும். சமன் செய்ய அணியத்தில் கல்லோ கான்கிரீட்டோ வைப்பார்கள். அதுவும் எடைதான்.

எஞ்சின் மாற்றுவதற்கு முன் ஒரு நாள் செலவழித்து இதைச் செய்து பாருங்கள். காற்றில்லாத காலையில், வழக்கமான பாரத்தோடு, ஜிபிஎஸ்ஸைப் பார்த்தபடி 1,000, 1,200, 1,400, 1,600, 1,800 என்று ஒவ்வொரு ஆர்.பி.எம்.மிலும் பத்து நிமிடம் ஓடுங்கள். நீவாடு ஏமாற்றாமல் இருக்க, அதே தூரத்தைத் திரும்பியும் ஓடிச் சராசரி எடுங்கள். டீசலை டேங்கிலிருந்து எடுக்காமல், அளவு குறித்த கேனிலிருந்து குழாய் போட்டு எடுத்தால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் எத்தனை லிட்டர் என்று தெரியும். வேகத்தையும் லிட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஓர் இடத்தில் டீசல் எண் தாவும், வேக எண் அசையாது. அதற்கு ஒரு படி கீழே உள்ள ஆர்.பி.எம்.மை டிரைவரிடம் சொல்லி, ஆக்சிலரேட்டர் பிடியில் பெயின்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள். அந்தக் கோட்டில் ஓடினால் எத்தனை நாட் கிடைக்கிறதோ, அதுதான் உங்கள் படகின் வேகம். அது போதவில்லை என்றால் தேவைப்படுவது நீளமான படகு, பெரிய எஞ்சின் இல்லை.